பென்னிகுவிக் துரையும் பெரியாற்றுக் கல்லறைகளும்

பிரயாணஞ் செய்வோர் ஒரு புதிய ஊரை அடைந்தவுடன் நாடிச் செல்வன கோயில், கோட்டை, அரண்மனை, அருவி, கடைத்தெரு முதலியனவே. ஊர்ப்புறத்தே மதிலாற் சூழப்பட்டுப் புல் மண்டிக் கிடக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தைத் தேடிச் செல்வோர் மிகச் சிலர். அவ்விடம் அமங்கலமானதென்று சிலர் அஞ்சுவர்; ஆங்குக் காண்பதற்கு யாதுளது என வேறு சிலர் வினவுவர். எனினும், சரித்திரத்தை ஏடுகளிற் கற்ற மாணவன் அதனைக் கண்ணாற் கண்டு தெளிவதற்குக் கல்லறைத் தோட்டத்தினும் ஏற்ற இடம் அரிது. அரண்மனை, வாழ்ந்தோருடைய செல்வத்தைக் காட்டும். கல்லறையோ, எத்தனை காதங்களுக்கப்பாற் பிறந்தவர் எந்த வயதில், எதன் பொருட்டு ஈண்டு வந்து மாண்டனர் என்பதைக் காட்டும்.

தமிழன்பர் இவ்வழக்கத்தை அறியாதவரல்லர். 1908-ஆம் ஆண்டிற் காலஞ்சென்ற போப் ஐயர் ஆக்ஸ்பர்டு நகரத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் துயில்கின்றார். 1891-ஆம் ஆண்டிற் கோடைக்கானலில் உயிர்நீத்த கால்டுவெல் அத்தியட்சர், தாம் நெடுங்காலம் உழைத்த இடையன்குடி ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். தமிழ் கற்றார் அவ்விடங்களுக்குச் சென்று தலைவணங்கி மீளுதலைப் பேறாகக் கருதுவர். மொழிக்குத் தொண்டு செய்தார்க்கு உரிய இக்கடன், நம் நாட்டு வயலுக்குத் தொண்டு செய்தார்க்கும் உரியதன்றோ? அத்தகையார் ஒருவருடைய வரலாற்றையும், அவ்வரலாற்றோடு பிணைந்த கல்லறைகளையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர்தாம் பெரியாற்றணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக் துரையாவார்.

ஏலக்காய் வாணிபத்தாற் பெயர்பெற்ற போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு, வானளாவிய மலைச்சுவர் ஒன்று தோன்றும். கீழ்ச்சரிவிலே கல்லும் முள்ளும் மிகுதி. உச்சியை அடைந்தாலோ, ஏலத்தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும் பசுமை போர்த்து விளங்கும். ஒரே மலையின் இருபுறத்தும் இத்துணை வேறுபாடு உண்டாதற்குக் காரணம் மழையே. தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மேகம் மலையின் மேற்புறத்தே தன் சுமையை இறக்கிவிட்டு, கீழ்ப்புறத்திற்கு வெறுங்கையோடு வருகின்றது. ஆதலின் மேற்கே ஆறுகள் பெருகி அரபிக் கடலிற் சென்று வீணே கலக்க, கிழக்கே வைகை மணலாற்றை நம்பிய குடிகள் வானம் பார்த்து வாடினர். இந்த மலைச்சுவரே நம் வரலாற்றின் அரங்கமாகும்.

இச்சுவரைக் கடந்து செல்வோர்க்குப் போடியிலிருந்து இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட மலைப்பாதையால் போடிமெட்டை அடைந்து, பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாற்றுக்குச் செல்வது. தேயிலைத் தோட்டக்காரர் அம்மலைகளிற் குடியேறிய காலத்தில், 1894-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், எலினர் என்னும் இளம் ஆங்கிலப் பெண்மணி வாந்திபேதி நோயால் ஆங்கு உயிர்நீத்தாள். அவளுடைய கணவராகிய ஹென்றி நைட் என்பவர் அவளை ஒரு குன்றின்மேல் அடக்கஞ் செய்தார். பின்னர் அவ்விடமே கல்லறைத் தோட்டமாயிற்று. அக்குன்றின் அடியில் கல்லாலாகிய ஆலயம் எழுந்தது 1910, 1911-ஆம் ஆண்டுகளிலேதான். உலகத்தில் ஆலயம் முந்தியும் கல்லறை பிந்தியும் அமைவது வழக்கம். மூணாற்றிலோ கல்லறை முந்திற்று, ஆலயம் பிந்திற்று. மலைநாட்டில் முதலில் வேரூன்றியது மரணமே என்பதை அவ்விடத்தைக் காண்போர் உணர்வர்.

மற்றொரு வழி, மலையடிவாரத்தைப் பற்றித் தெற்கே தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை முதலிய ஊர்களைக் கடந்து கம்பத்தையும் கூடலூரையும் அடைந்து, அங்கிருந்து குமுளி மலையேறித் தேக்கடிக்குச் செல்வது. இவ்வழியின் இருமருங்கும் நெல்வயலும் தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் திராட்சைப் பந்தலும் நெருங்கியிருக்கும். இப்பசுமை இயற்கையாக வந்ததன்று. மலையைக் குடைந்து கொண்டுவந்த நீரால் வந்தது. அந்நீரைக் கொணர்ந்தவருடைய வரலாற்றை இனிக் கூறுவோம்.

ஜான் பென்னிகுவிக் 1841-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15-ஆம் நாள் பூனா நகரிற் பிறந்தார். தந்தையார் பெயரும் ஜான் என்பதே. ஆங்கிலச் சேனையில் உயர்பதவி வகித்தவர். 1849-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள், பஞ்சாபில் சிலியன்வாலா என்னுமிடத்தில் சீக்கியரோடு நிகழ்ந்த கொடும்போரில் அத்தந்தையார் ஒரு படைப்பிரிவை நடத்திச் சென்று உயிரிழந்தார். அதே நாளில், அதே களத்தில், பதினேழு வயதினனாகிய மூத்த மைந்தன் அலெக்சாந்தரும் தந்தையின் பக்கலில் வீழ்ந்தான். நம் பென்னிகுவிக்குக்கு எட்டு வயது நிறைய இரண்டே நாட்கள் இருந்தன. அப்போர்க்களம் இன்று பாகிஸ்தான் நாட்டிலுள்ளது. ஆங்கு மடிந்தோர்க்காக எழுப்பப்பட்ட நினைவுத்தூணும் கல்லறைகளும் இன்றும் உள. தந்தையையும் தமையனையும் ஒருநாளில் இழந்த சிறுவர், பிற்காலத்தில் அழிக்கும் படைக்கலத்தை விடுத்து ஆக்கும் கருவியைக் கையிற்கொண்டு புகழெய்தினார் என்பது நினைக்கத்தக்கது.

அவர் இங்கிலாந்தில் செல்ட்டன்ஹம் கல்லூரியிலும், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சேனைக்கு இளைஞரைப் பயிற்றிவந்த அடிஸ்கோம் கல்லூரியிலும் கற்றுத் தேர்ந்து, சென்னை எஞ்சினீயர் படையிற் சேர்ந்தார். 1860-ஆம் ஆண்டில் இந்தியா வந்தடைந்தார். 1867, 1868-ஆம் ஆண்டுகளில் அபிசீனியா நாட்டிற்குச் சென்ற படையெடுப்பில் ஊழியஞ் செய்து மீண்டார். பின்பு சென்னை மாகாணத்து மராமத்து இலாகாவில் அமர்ந்து, நீர்ப்பாசன வேலைகளிற் பழகி வந்தார். 1879-ஆம் ஆண்டில் கிரேஸ் என்னும் நங்கையை மணந்தார்.

பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாம் என்னும் எண்ணம் பென்னிகுவிக்கின் உள்ளத்திலேதான் முதன்முதல் உதித்ததென்று கருதுதல் தவறு. 1789-ஆம் ஆண்டளவிலேயே இராமநாதபுரம் சேதுபதி மன்னருடைய பிரதானியாகிய முத்திருளப்ப பிள்ளை இதனை ஆராய்ந்தார். பெருஞ்செலவாகும் என்பதனால் அஃது கைவிடப்பட்டது. 1808-ஆம் ஆண்டில் காப்டன் கால்டுவெல் என்னும் எஞ்சினீயர், மேற்குறித்த அத்தியட்சரின் வேறானவர், நிலத்தைப் பார்வையிட்டு இஃது ஆகாதென்று முடிவுகூறினார். 1850-ஆம் ஆண்டில் ஒரு சிற்றணை தொடங்கப்பட்டது. நோய் பரவியதனாலும், அக்காட்டில் வேலை செய்யக் கூலியாட்கள் மிகுந்த ஊதியம் வேண்டியதனாலும் அதுவும் நின்றுபோயிற்று. பின்னர் மேஜர் ரைவ்ஸ் என்பார் மண்ணணை ஒன்றிற்குத் திட்டம் வகுத்தார். இவ்வாறு ஒரு நூற்றாண்டு எண்ணுவதும் கைவிடுவதுமாகக் கழிந்தது.

1876-ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை தென்னாட்டை வருத்திய பெரும்பஞ்சம், எண்ணத்தைச் செயலாக்குமாறு அரசாங்கத்தாரைத் தூண்டிற்று. 1882-ஆம் ஆண்டில் திட்டத்தைச் சீர்திருத்தி மதிப்பிடும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் வகுத்த திட்டம் 1884-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆறும் காடும் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு உரியவை. ஆதலின் 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் உடன்படிக்கை ஒன்று நிறைவேறிற்று. எண்ணாயிரம் ஏக்கர் நிலத்தை ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டிற்கு ஐந்து ரூபாய் வீதம் வாடகைக்குப் பெற்று 999 ஆண்டுகள் அனுபவித்தற்கு அதில் இடங்கொடுக்கப்பட்டது. 1887-ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று.

அத்திட்டத்தின் நுட்பம் எளிதில் விளங்கக்கூடியதே. மேற்கே ஓடும் பெரியாற்றை மலையிடுக்கு ஒன்றில் குறுக்கே மறித்தால், நீர் உயர்ந்து பின்னோக்கிப் பரவி ஓர் ஏரியாகும். அவ்வேரியின் வடபாகம் மலைச்சுவரின் அருகே தேக்கடிவரை எட்டும். அங்கே ஒரு வாய்க்காலை வெட்டி, மலையை ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரம் குடைந்துவிட்டால், நீர் கிழக்கே பள்ளத்தாக்கில் வீழ்ந்து வைகையோடு சேரும். அணை அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும், 1200 அடி நீளமும் உடையது. அடியில் 138 அடி அகலமும் முடியில் 12 அடி அகலமும் கொண்டது. சுண்ணாம்பும் சுட்ட செங்கல் தூளாகிய சுர்க்கியும் கல்லும் கலந்த காரையால் உட்புறம் நிரப்பப்பட்டு, இருமுகங்களும் கருங்கல்லாற் கட்டப்பட்டன.

சொல்லுதற்கு எளிதாகிய இவ்வேலை செய்தற்கு எத்துணை அரிதாயிற்று! போடிக்கு இருப்புப்பாதை வந்தது 1928-ஆம் ஆண்டிலேதான். பென்னிகுவிக்கின் காலத்திலோ, மதுரைக்கு வடக்கே அம்மையநாயக்கனூரில் இறக்கிய இயந்திரங்களை மாட்டு வண்டிகளிலேயே கம்பம் பள்ளத்தாக்கின் முடிவுவரை கொண்டுவருதல் வேண்டும். பின்பு அவற்றை மலையேற்றி, யானையும் புலியும் உலவும் காட்டினூடே கொண்டு செல்லுதல் வேண்டும். சென்னைப் பயனீர் படையினரும், மதுரைச் சீமையினின்று வந்த கூலியாட்களும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கேசியத் தச்சரும் அவ்வனாந்தரத்திற் கூடாரமடித்து உழைத்தனர். ஆற்றை ஒருபுறம் ஒதுக்கி அடித்தளம் இடுவதற்காகக் கட்டிய தற்காலிகத் தடுப்பணைகளை வெள்ளம் பலமுறை அடித்துச் சென்றது. மாதக்கணக்கான உழைப்பு ஓரிரவில் மறைந்தது. ஒவ்வொரு முறையும் பென்னிகுவிக் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். அவருடைய பெருமை யாவும் இந்த ஒரு குணத்தில் அடங்குமென்று கூறலாம்.

வெள்ளத்தினுங் கொடிய பகை ஒன்று ஆங்கிருந்தது. அது காட்டுக்காய்ச்சல். கோடை பிறந்து காய்ச்சல் கடுமையாகும் மாதங்களில் வேலையை நிறுத்தி எல்லாரும் மலையைவிட்டு இறங்குதல் வேண்டியிருந்தது. இறங்கியவருள் நோயைத் தம் உடலிற் சுமந்து வீடு சேர்ந்தவர் பலர். அக்காய்ச்சலைக் கொசுவே பரப்புகின்றதென்னும் உண்மையை ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் செகந்திராபாத்தில் நிலைநாட்டியது 1897-ஆம் ஆண்டில். அதாவது அணை முடிந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தபின். ஆகவே அணையிற் பணிபுரிந்தோர் தம் பகைவன் யாரென்பதை அறியாமலே போராடினர். அவ்வேலை நடந்த ஆண்டுகளில் நோயால் மாத்திரம் 483 பேர் மாண்டனர் என்பது கணக்கு. அவர்கள் அணைக்கு வடபுறத்தே காட்டினூடே ஒரு கல்லறைத் தோட்டத்தில் அடக்கஞ் செய்யப்பட்டனர்.

1895-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சென்னைக் கவர்னராகிய வென்லாக் பிரபு முன்னிலையில் பெரியாற்று நீர் மலையைக் கடந்து கிழக்கே பாய்ந்தது. பென்னிகுவிக் துரைக்கு அரசாங்கத்தார் சி.எஸ்.ஐ. என்னும் விருதளித்தனர். 1896-ஆம் ஆண்டில் அவர் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்று, கூப்பர்ஸ் ஹில் என்னுமிடத்திருந்த இந்திய எஞ்சினீயரிங் கல்லூரிக்குத் தலைவராகி 1899 வரை இளைஞரைப் பயிற்றினார். பின்பு ஆஸ்திரேலியாவிற் பிரிஸ்பேன் நகரை வருத்திய வெள்ளத்தைத் தடுக்கும் வழியை ஆராயுமாறு அந்நாட்டார் அவரை அழைத்தனர். அவர்க்குப் புதல்வியர் ஐவரும் புதல்வர் ஒருவரும் இருந்தனர். புதல்வர் பிற்காலத்தில் இங்கிலாந்தில் நீதிபதியாக விளங்கினார். 1911-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 9-ஆம் நாள், எழுபதாம் வயதில், பென்னிகுவிக் துரை காலஞ்சென்றார்.

அவருடைய உடல் சர்ரே மாகாணத்து பிரிம்லி என்னும் சிற்றூரில், தூய பேதுரு ஆலயத்தின் முற்றத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. அமெரிக்க எழுத்தாளராகிய பிரெட் ஹார்ட் என்பாரும் அம்முற்றத்திலேயே துயில்கின்றார். ஆங்கிலேயருக்கு அக்கல்லறை அரசாங்க ஊழியர் ஒருவருடைய கல்லறை. நம் பக்கத்தாருக்கோ அது யாத்திரைத் தலம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இங்கிலாந்து சென்ற தமிழர் பலர் அக்கல்லறையைத் தேடிக் கண்டு மலர் சூட்டியுள்ளனர். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அண்மையிலுள்ள கேம்பர்லி நகரத்துப் பூங்காவில் தமிழ்நாட்டு அரசினர் அவருக்குச் சிலை நிறுவினர். கூடலூரையடுத்த லோயர் கேம்ப்பில் 2013-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் மணிமண்டபம் ஒன்று திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பாலார்பட்டி முதலிய ஊர்களில் தைப்பொங்கலன்று அவர் படத்தின்முன் பொங்கலிட்டு வணங்குகின்றனர். ஊர்தோறும் பிள்ளைகளுக்கு அவர் பெயரையிட்டு வழங்குவோரும் உளர்.

இத்தகைய நன்றியுள்ள மக்களிடையே ஒரு கதை வழங்கி வருகின்றது. அரசாங்கத்தார் பொருள் தர மறுத்தபொழுது, துரையவர்கள் தம் சொத்தையும் மனைவியாரின் நகைகளையும் விற்று அணையை முடித்தார் என்பதே அது. இதற்கு எழுத்துச் சான்று இல்லையென்று சரித்திர ஆராய்ச்சியாளர் கூறுவர்; அணையின் செலவைச் சென்னை அரசாங்கமே ஏற்றது. இதனைக் கூறுதலால் அவர் புகழ் குன்றுமோ? குன்றாது. விற்ற நகையினும் விடாத முயற்சி பெரிது. மெய்யாகவே செய்தவற்றுள் வியத்தற்குரியன இத்துணை இருக்க, செய்யாததைக் கூட்டிப் புகழ்தல் அப்பெரியார்க்கு வேண்டுவதன்று.

இக்கதையினால் நேரும் தீங்கு வேறொன்றுண்டு. அணை முழுவதும் ஒருவருடைய தியாகத்தால் ஆயிற்றென்று சொல்லுந்தோறும், உயிரையே கொடுத்தவர்கள் நம் நினைவினின்று நழுவுகின்றனர். நகையைக் கொடுத்தாரென்று ஒருவரைப் போற்றும் நாம், உயிரைக் கொடுத்த 483 பேரை எங்கே வைத்தோம்? அவர்கட்குச் சிலையில்லை, பொங்கலில்லை, பிள்ளைக்கு அவர் பெயரை இடுவாரும் இல்லை. அவருட் பலர் நம் ஊராரே. கம்பத்தினின்றும் மதுரையினின்றும் நாட்கூலிக்காக மலையேறிச் சென்று, கட்டிய அணையின் நீர் தம் வயலை அடையுமுன்னே கண்மூடியவர்கள் அவர்கள்.

அக்கல்லறைகள் இருக்குமிடம் இன்று பெரியாற்றுப் புலிகள் காப்புக்காட்டின் உள்ளே அமைந்துள்ளது. கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தில் அணை நின்றாலும், தமிழ்நாட்டினரே அதனைப் பராமரித்து வருகின்றனர். உத்தரவின்றி ஆங்குச் செல்லுதல் இயலாது. ஆதலின் தேக்கடிக்குப் படகேறச் செல்லும் ஆயிரக்கணக்கான பிரயாணிகள் ஏரியின் அழகையும் யானைக்கூட்டத்தையும் கண்டு களித்து மீள்வர். அணைக்கு அருகே காட்டினுள் ஒரு கல்லறைத் தோட்டம் உண்டென்பதை அறியாமலே மீள்வர். ஏரியின் நடுவே நிற்கும் பட்டமரங்கள் நீருள் மூழ்கிய காட்டிற்குச் சாட்சி. அக்கல்லறைகளோ மூழ்கிய வாழ்க்கைகளுக்குச் சாட்சி.

மாணவ நேயர்காள்! விடுமுறையில் நீவிர் பிரயாணஞ் செய்யுங்கால், கோயிலையும் அருவியையும் கண்டபின் சற்றுநேரம் பழைய கல்லறைத் தோட்டத்திலும் நில்லுமின். பெயரெழுதிய கல்லைப் படித்தபின், பெயரில்லாத மேட்டையும் நோக்குமின். மூணாற்றுக் குன்றின்மேல் துயிலும் இளநங்கை, சிலியன்வாலாக் களத்தில் மடிந்த தந்தையும் மைந்தனும், பிரிம்லி ஆலய முற்றத்தில் ஓய்ந்த எஞ்சினீயர், பெரியாற்றங்கரைக் காட்டில் மறைந்த கூலியாட்கள் ஆகிய இவரனைவரும் ஒரே காலத்தின் சரித்திரத்தை நமக்கு வெவ்வேறு குரலிற் கூறுகின்றனர். அவற்றுள் ஒன்றை மட்டுங் கேட்டு அமைவோன் சரித்திரத்தைப் பாதியே கற்றவனாவான்.

மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களில் பெரியாற்று நீருண்டு விளையும் நெல்லை உண்போர் யாவரும் ஒரு கடன்பட்டவரே. அக்கடனுக்குரியவர் ஒருவரல்லர், பலர். பென்னிகுவிக் துரைக்கு நாம் செலுத்தும் நன்றி, அவரோடு உழைத்து அவருக்கு முன்னே மடிந்தோரையும் உளப்படுத்தும்பொழுதே நிறைவெய்தும். தம் ஆட்களோடு அக்காட்டில் இடர்ப்பட்ட அப்பெரியாரும் அதனையே விரும்பியிருப்பார் என எண்ணுதற்கு இடமுண்டு. தைத்திங்கள் முதனாளில் அவர் பெயரைச் சொல்லிப் பொங்கலிடும்பொழுது, பெயரறியாத அந்நானூற்று எண்பத்து மூவரையும் நினைத்து ஒரு பிடி மலர் கூட்டித் தூவுவோமாக.